தோட்டாவின் கழுத்துப் பிடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ரைஃபிள் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிச் சுடுவது பலருக்குப் பல வருடப் பழக்கம். சுட்டு முடித்த பித்தளை உறையைப் பொறுக்கி வந்து, பழைய பிரைமரைத் (மருந்தைப் பற்றவைக்கும் அடிப்பக்கச் சிறு மூடி) தட்டி எடுத்துவிட்டு, சுட்டதில் விரிந்த கழுத்தை டை என்ற அச்சில் அழுத்திச் சுருக்கி, புது பிரைமர், அளந்த வெடிமருந்து, புதுக் குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குவார்கள். ரீலோடிங் என்று பெயர். ஒஹாயோவில் குடியேறிய பிறகு எனக்கும் தொற்றிக்கொண்டது. என்னோடு ரேஞ்சுக்கு வரும் நண்பர்கள் எங்கே தொடங்கினாலும் கடைசியில் வந்து நிற்பது ஒரே இடத்தில்: உறையின் கழுத்து குண்டை எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும்? அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன். மருந்தின் அளவு எதுவும் இதில் இல்லை. அதற்கு மருந்து கம்பெனியும் குண்டு கம்பெனியும் போடும் கையேடு இருக்கிறது. அதைத் தவிர வேறு யார் சொன்னாலும் கேட்காதீர்கள், நான் சொன்னாலும்தான்.

கழுத்துப் பிடி என்றால் சரியாக என்ன?

உறையின் மேல் முனையில் குண்டு செருகி நிற்கும் குழாய்ப் பகுதிதான் கழுத்து. அதன் உள்விட்டம் குண்டைவிடக் கொஞ்சம் சிறியதாக இருக்கும். குண்டை அழுத்திச் செருகும்போது பித்தளை விரிந்து கொடுத்து, திரும்பச் சுருங்கப் பார்த்து, குண்டைக் கவ்விக்கொள்கிறது. மோட்டார் ஷாஃப்டில் பேரிங் பிரஸ் ஃபிட் அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல, அதே சங்கதிதான். இங்கே எல்லாரும் 'நெக் டென்ஷன்' என்பார்கள்.

'எனக்கு இரண்டு தவ்' என்கிறார்களே, அது என்ன கணக்கு?

ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தவ், அதாவது 0.0254 மில்லிமீட்டர். குண்டு வைத்த தோட்டாவின் கழுத்தை வெளியே அளந்தால் 0.336 அங்குலம், குண்டு வைப்பதற்கு முன் அதே கழுத்து 0.334 என்றால் வித்தியாசம் இரண்டு தவ். அதைத்தான் பிடி என்று சொல்லிக்கொள்கிறோம்.

சொல்லிக்கொள்கிறோமே தவிர, அது பிடி அல்ல. அது ஓர் அளவு வித்தியாசம், அவ்வளவுதான். பிடி என்பது விசை, விட்டம் அளக்கும் கேலிப்பரில் அது தெரியாது. இந்தத் துறையில் நடக்கும் சண்டையில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவது.

அப்படியானால் நான்கு தவ் வைத்தால் இரண்டைவிட இரண்டு மடங்கு பிடிக்காதா?

பிடிக்காது. நானும் முதல் இரண்டு வருடம் பிடிக்கும் என்றுதான் நினைத்தேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தோட்டா உறை 70 சதம் செம்பும் 30 சதம் துத்தநாகமும் கலந்த பித்தளை. சுட்டுச் சுட்டுக் கெட்டிப்பட்ட பித்தளைகூட 0.4 சதவீதம் அளவுக்கு நீண்டால்தான் ரப்பர் போலத் திரும்பி வரும். அதற்கு மேல் இழுத்தால் நீண்டது நீண்டதுதான். 0.308 அங்குலக் குண்டுக்கு 0.4 சதவீதம் என்பது ஏறக்குறைய 1.2 தவ். சூடுபடுத்தி மென்மையாக்கிய கழுத்தில் இந்த எல்லை அரை தவ்வுக்கும் கீழே போய்விடும். ஆக, நீங்கள் நான்கு தவ் சுருக்கி வைத்தாலும், குண்டு உள்ளே போகும்போது அதில் பெரும்பகுதியை அதுவே விரித்துவிட்டுத்தான் உட்காருகிறது. மிச்சம் நிற்கும் பிடி ஒரு தவ் சொச்சத்துக்கு உரியது.

நம்பிக்கை இல்லை என்றால் செய்து பாருங்கள். பிரைமரும் மருந்தும் இல்லாத வெற்று உறையில் நான்கு தவ் சுருக்குங்கள், குண்டை வையுங்கள், குண்டை உருவும் கருவியான புல்லரால் பிடுங்குங்கள், கழுத்தை மறுபடி அளந்து பாருங்கள். என் மேசையில் செய்தபோது கழுத்து பழைய அளவுக்குத் திரும்பவில்லை. குண்டு வைத்திருந்தபோது இருந்ததைவிட ஒரு தவ்வுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுருங்கியது, அத்தோடு நின்றுவிட்டது.

அப்படியென்றால் பிடியை எது தீர்மானிக்கிறது? கழுத்துப் பித்தளையின் கடினம், அதன் சுவர்த் தடிமன், குண்டு எவ்வளவு நீளத்துக்குக் கழுத்தைத் தொட்டு நிற்கிறது, இரண்டுக்கும் நடுவே உள்ள உராய்வு. இந்த நான்கில் ஒன்றுகூட அந்த 'இரண்டு தவ்' என்ற எண்ணுக்குள் இல்லை. ஒன்றரை தவ்வா இரண்டா என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, ஐம்பது உறையிலும் இந்த நான்கும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பார்ப்பது புத்திசாலித்தனம்.

பிடி துல்லியத்தை எப்படிப் பாதிக்கிறது? குண்டைப் பிடித்து நிறுத்துவதாலா?

பிடித்து நிறுத்துகிறது என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. ஒரு 0.308 குண்டைச் செருக 40 பவுண்டு விசை ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். குண்டின் அடிப்பரப்புக்கு அதைக் கணக்கிட்டால் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 540 பவுண்டு அழுத்தம். .308 வின்செஸ்டர் தோட்டாவில் உச்ச அழுத்தத்துக்கு அனுமதி 62,000. நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மருந்து முழுதாகப் பற்றிக்கொண்ட பிறகு கழுத்தின் பிடி யானைக்கு முன்னால் கட்டிய நூல்.

விஷயம் தொடக்கத்தில் இருக்கிறது. பிரைமர் வெடித்து மருந்து பற்றத் தொடங்கும் அந்த நொடித்துணுக்கில் குண்டு சீக்கிரமே நகர்ந்துவிட்டால், உள்ளே இடம் கூடி, அழுத்தம் ஏறுவது தாமதமாகிறது. கொஞ்சம் தாங்கி நின்றால் அழுத்தம் வேறு மாதிரி ஏறுகிறது. ஒரு தோட்டாவில் இப்படி, அடுத்ததில் அப்படி என்று மாறினால் குண்டின் வேகம் மாறும். வேகம் மாறினால் தூரத்தில் மேலும் கீழுமாக விழும்.

எவ்வளவு என்று கேட்டால், 6.5 கிரீட்மூர் என்ற தோட்டாவில் 140 கிரெய்ன் எடைக் குண்டு வினாடிக்கு 2700 அடியில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1000 கஜத்தில் வினாடிக்கு 10 அடி வித்தியாசம் ஏறக்குறைய இரண்டரை அங்குல உயர வித்தியாசம் ஆகும். 20 அடி என்றால் ஐந்து அங்குலம். அமெரிக்காவில் எஃப்-கிளாஸ் என்ற தூரச் சுடும் போட்டியில் 1000 கஜ இலக்கின் நடு எக்ஸ் வளையம் முழுதும் ஐந்து அங்குலம்தான்.

நான் 100 கஜத்தில் மட்டும் சுடுகிறேன். எனக்கு இதெல்லாம் வேண்டுமா?

வேண்டாம். அதே 10 அடி வித்தியாசம் 100 கஜத்தில் ஓர் அங்குலத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது. நல்ல குண்டும் நல்ல குழலும் வாங்குங்கள், நிறையச் சுடுங்கள். 100 கஜத்தில் துளைகளின் குழுமம் சிதறினால் கழுத்தைச் சந்தேகப்படுவதற்கு முன் ஸ்கோப் மவுண்ட் திருகைத் திருகிப் பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு, 6 பிபிசி வைத்து பெஞ்ச்ரெஸ்ட் (துப்பாக்கியை மேசைத் தாங்கியில் வைத்துச் சுடும் போட்டி) சுடுபவர்கள். 1975 வாக்கில் லூ பால்மிசானோவும் ஃபெரிஸ் பிண்டெலும் உருவாக்கிய தோட்டா அது. அந்த ஆட்கள் 100 கஜத்திலும் கழுத்தோடு மல்லுக்கட்டுவார்கள். ஆனால் அவர்களுக்கு ஐந்து குண்டும் ஒரே துளையில் போனாலும் துளை முட்டை வடிவமாக இருக்கிறதே என்று கவலை. அது வேறு உலகம்.

புஷிங் டை நல்லதா, மாண்ட்ரல் நல்லதா? சாதாரண டையில் வரும் எக்ஸ்பாண்டர் பந்து போதாதா?

சாதாரண டை கழுத்தை அளவுக்கு மீறிச் சுருக்கிவிட்டு, உறையை வெளியே இழுக்கும்போது உள்ளிருக்கும் பந்தால் திரும்ப விரிக்கிறது. வேலை நடக்கும். ஆனால் பித்தளையை இரண்டு பக்கமும் வீணாக வளைக்கிறது. உள்பக்கம் வறண்டிருந்தால் பந்து கழுத்தையே ஒரு பக்கமாக இழுத்துவிடும். நெம்புகோலைத் தூக்கும்போது 'கீச்' என்று ஒரு சத்தம் கேட்கும் பாருங்கள், அதுதான்.

புஷிங் டையில் கழுத்தைச் சுருக்கும் வளையத்தை மாற்றலாம். நமக்கு வேண்டிய அளவுக்கே சுருக்கும். குறை ஒன்று உண்டு. புஷிங் அழுத்துவது வெளிப்பக்கத்தை. கழுத்துச் சுவர் ஓர் இடத்தில் தடித்து ஓர் இடத்தில் மெலிந்திருந்தால் அந்தக் கோணலை அப்படியே உள்ளே தள்ளிவிடும். குண்டு உட்காருவதோ உள்ளே.

மாண்ட்ரல் இதற்கு நேர் எதிர். கொஞ்சம் கூடுதலாகச் சுருக்கிய கழுத்துக்குள் அளவெடுத்துக் கடைந்த ஒரு கம்பியை மேலிருந்து இறக்கி எடுப்பது. உள்விட்டம் சீராகிறது, கோணல் வெளியே போய்விடுகிறது. 0.308 குண்டுக்கு 0.306 மாண்ட்ரல் வழக்கம். பித்தளை கொஞ்சம் திரும்பச் சுருங்கும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். நான் செய்வது: புஷிங்கால் ஒரு தவ் கூடுதலாகச் சுருக்கி, பிறகு மாண்ட்ரல். கழுத்தைச் சீவி ஒரே தடிமனாக்கியவர்களுக்குப் புஷிங் மட்டுமே போதும், அவர்களுக்கு உள்ளே தள்ள கோணலே இல்லை.

கழுத்தைச் சீவ வேண்டுமா?

நல்ல உறை வாங்கினால் தேவையில்லை. சுவர் தடித்த உறைகளை மட்டும் கவனியுங்கள். குண்டு வைத்த கழுத்துக்கும், குழலில் தோட்டா உட்காரும் சேம்பரின் சுவருக்கும் நடுவே குறைந்தது இரண்டு, மூன்று தவ் இடம் வேண்டும். கழுத்து விரிந்து குண்டை விட இடமில்லாவிட்டால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். இது துல்லியப் பிரச்சினை இல்லை, முகத்துக்கு முன்னால் இருக்கும் பிரச்சினை.

அனீலிங் செய்தே ஆக வேண்டுமா?

ஒரு கம்பியை வளைத்து நிமிர்த்தி வளைத்து நிமிர்த்திப் பாருங்கள். முதலில் சுலபமாக வளையும், பிறகு விறைக்கும், கடைசியில் ஒடியும். கழுத்தும் அப்படித்தான். ஒவ்வொரு முறை சுடும்போதும் விரிகிறது, டையில் சுருங்குகிறது, குண்டு வைத்தால் மறுபடி விரிகிறது. நான்கைந்து சுற்றுக்குப் பிறகு அதே டை, அதே புஷிங், ஆனால் பித்தளை வேறு பித்தளை. கெட்டிப்பட்டது கூடுதலாகத் திமிறுகிறது, அளவும் மாறுகிறது, பிடியும் மாறுகிறது. கழுத்தையும் அதன் கீழே சரியும் தோளையும் சில நொடி சூடாக்கி, அந்தக் கெட்டித்தன்மையைத் தளர்த்துவதுதான் அனீலிங். காஸ் டார்ச் வைத்துச் செய்கிறார்கள், தூண்டல் சுருள் மெஷினிலும் செய்கிறார்கள். நியூசிலாந்தின் ஏஎம்பி மெஷின் போட்டிக்காரர்களிடம் பிரபலம். விலையைக் கேட்டு மனைவியிடம் சொல்லத் தைரியம் வேண்டும்.

என் அபிப்பிராயம்: ஒவ்வொரு சுற்றுக்கும் செய்யுங்கள், அல்லது செய்யவே வேண்டாம். பாதி உறை அனீல் ஆனது, பாதி ஆகாதது என்று ஒரே பெட்டியில் கலந்து வைப்பதுதான் இருப்பதிலேயே மோசம்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சூடு உறையின் அடிப்பகுதிக்கு இறங்கவே கூடாது. அந்த 62,000 பவுண்டைத் தாங்குவது அடியின் கடினம்தான். மென்மையான அடி கிழிந்தால் வாயு உங்கள் கண் பக்கம் வரும்.

சுடாமல் வைத்திருந்த தோட்டாவின் கழுத்து விரிசல் விட்டிருந்தது. எப்படி?

இந்தக் கேள்விக்கு நம் ஊர்க் கதை ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் மழைக்காலம் வந்தால் படை நடவடிக்கை குறையும். தோட்டாக்களைக் கொண்டுபோய்க் குதிரை லாயங்களில் வைப்பார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் பல உறைகளில் விரிசல். அதுவும் குண்டைக் கவ்வும் கழுத்தில்தான் அதிகம். பருவத்தோடு வந்ததால் 'சீசன் கிராக்கிங்' என்று பெயர் வைத்தார்கள். காரணம் 1921-ல்தான் தெளிவானது. மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் கண்டு சொன்னார்கள்: குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அமோனியா ஒரு பக்கம், இழுத்து உருவாக்கிய பித்தளைக்குள் தங்கிய இறுக்கம் இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்தால் பித்தளை பிளக்கும்.

உங்கள் வீட்டில் குதிரை இருக்காது. ஆனால் அமோனியா கலந்த பித்தளை பாலிஷ் இருக்கலாம். குத்துவிளக்குக்குப் போடுவதை உறைக்குப் போடாதீர்கள்.

கழுத்துக்குள் படிந்த கரியைப் பளபள என்று தேய்த்து எடுக்கலாமா?

நான் எடுத்துப் பட்டபாட்டைச் சொல்கிறேன். ஒரு முறை தண்ணீரில் ஸ்டீல் ஊசி போட்டுச் சுழற்றும் டிரம்மில் உறைகளைப் போட்டேன். நகைக்கடையில் வைக்கலாம், அப்படி ஒரு மினுக்கம். குண்டு வைக்கும்போதுதான் தெரிந்தது. வழக்கமாக வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கும் குண்டு, அன்று திக்கித் திக்கி இறங்கியது. நெம்புகோலில் சொரசொரப்பு கைக்குத் தெரிந்தது. அளந்து பார்த்தால் குண்டு உட்கார்ந்த ஆழமே தோட்டாவுக்குத் தோட்டா மூன்று தவ் வரை மாறியிருந்தது.

கரி ஓர் உலர்ந்த மசகு. அதைச் சுத்தமாக எடுத்துவிட்டால் பித்தளையும் குண்டின் செம்பு உறையும் நேருக்கு நேர் உரசுகின்றன. நைலான் பிரஷ்ஷால் இரண்டு இழுப்பு இழுத்து, தளர்ந்த கரியை மட்டும் எடுங்கள். மினுக்கியே தீருவேன் என்பவர்கள் கிராஃபைட் தூளில் கழுத்தைத் தொட்டு எடுக்கலாம்.

போட்டிக்கு ஒரு மாதம் முன்பே நிரப்பி வைத்துவிடலாமா?

வைக்கலாம், ஆனால் குண்டும் கழுத்தும் மெல்ல ஒட்டிக்கொள்ளும். மாதக்கணக்கில் கிடந்த தோட்டாவில் குண்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பாருங்கள், 'டிக்' என்று விட்டுக் கொடுக்கும் சத்தம் கேட்கும். எல்லாத் தோட்டாவிலும் ஒட்டு ஒரே அளவு இருக்காது. தூரப் போட்டிக்காரர்கள் சிலர் குண்டைச் சற்று வெளியே நீட்டி வைத்துவிட்டு, போட்டிக்கு முந்தைய இரவு கடைசி சில தவ் தள்ளி உட்கார வைப்பார்கள். ஒட்டும் விடும், ஆழமும் சரியாகும்.

ஏஆர்-15 போன்ற அரைத் தானியங்கித் துப்பாக்கிக்கும் இதே பிடி போதுமா?

போதாது. போல்ட் ஓடிவந்து தோட்டாவை மேகஸினிலிருந்து வாரிச் சேம்பருக்குள் அறைகிறது. பிடி தளர்ந்திருந்தால் குண்டு உறைக்குள் அமுங்கும். உள்ளே இடம் குறைந்து அழுத்தம் எகிறும். மூன்று தவ் அளவு வித்தியாசம் பொதுவான வழக்கம். தேவைப்பட்டால் கிரிம்ப், அதாவது கழுத்து விளிம்பை உள்நோக்கி மடக்குவது. குழாய் மேகஸின் உள்ள .30-30 லீவர் துப்பாக்கிக்கும் கிரிம்ப் வேண்டும், அதில் தோட்டாக்கள் ஒன்றின் பின் ஒன்றாக முட்டிக்கொண்டு நிற்கும்.

குண்டை விரலாலேயே தள்ளும் அளவுக்குத் தளர்வாக வைத்து, போல்ட்டை மூடும்போது குழலின் உட்புற வரிகளே அதை உள்ளே தள்ளட்டும் என்று சிலர் செய்கிறார்களே?

ஒற்றைத் தோட்டாவாகக் கையால் போடும் போட்டித் துப்பாக்கியில் செய்கிறார்கள். ஆனால் 'சுடாதே, காலி செய்' என்று ரேஞ்ச் அதிகாரி சொல்லிவிட்டால் உறை மட்டும் வெளியே வரும். குண்டு குழலில் சிக்கி நிற்கும், மருந்து போல்ட் ஓடும் பகுதியான ஆக்‌ஷன் முழுக்கக் கொட்டிக் கிடக்கும். புதியவர்கள் இந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஊரில் இதைச் செய்யலாமா?

இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். விடுமுறைக்குப் போகும்போது பைக்குள் ஒரு காலி உறைகூடக் கிடக்காதபடி உதறிப் பார்த்துவிட்டுப் போங்கள். விமான நிலையத்தில் விளக்கம் சொல்லும் நிலைமை நல்லதில்லை.

இரண்டு தவ்வில் குண்டு வேகத்தின் திட்ட விலக்கம் 6 வந்தது, மூன்று தவ்வில் 11. ஐந்தைந்து தோட்டா சுட்டேன். இரண்டு தவ்தான் என் துப்பாக்கிக்குப் பிடிக்கிறது என்று முடிவு செய்யலாமா?

செய்ய முடியாது. சொன்னால் வருத்தப்படுவார்கள் என்று பலரிடம் சொல்லாமல் விட்டிருக்கிறேன், இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஐந்து தோட்டா சுட்டு திட்ட விலக்கம் 10 என்று வேகம் அளக்கும் குரோனோகிராஃப் காட்டினால், உண்மையான விலக்கம் 6-லிருந்து 29 வரை எதுவாகவும் இருக்கலாம். 95 சத நம்பகத்துக்கு இது சாதாரணப் புள்ளியியல் கணக்கு. உங்கள் 6, 11 இரண்டும் ஒரே பையிலிருந்து எடுத்த தோட்டாவாக இருந்தாலும் வந்திருக்கும். அதே 10 என்ற எண் முப்பது தோட்டா சுட்டு வந்தால் வீச்சு 8-லிருந்து 13.4-க்குள் சுருங்கும். அப்போதுதான் ஒப்பிடவே ஆரம்பிக்கலாம்.

ஆமாம், ஒவ்வோர் அளவுக்கும் முப்பது என்றால் குண்டுக் காசும் குழல் தேய்மானமும் வலிக்கும். அதனால்தான் அரை தவ் அரை தவ்வாகச் சோதிப்பதை நான் விட்டுவிட்டேன். இரண்டு தவ்வில் நிறுத்திவிட்டு, சீராக்கும் வேலையில் நேரத்தைப் போடுகிறேன். பரிசோதிக்கத்தான் ஆசை என்றால் ஒன்றையும் மூன்றையும் சோதியுங்கள், ஒன்றரையையும் இரண்டையும் அல்ல. இரண்டு வகைத் தோட்டாவையும் மாற்றி மாற்றிச் சுடுங்கள். முதலில் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கினால் சூடேறிய குழலைத்தான் அளக்கிறீர்கள்.

விசை காட்டும் பிரஸ் வாங்கலாமா?

கையால் அழுத்தும் ஆர்பர் பிரஸ்ஸில் டயல் வைத்து, குண்டு இறங்கும்போது எத்தனை பவுண்டு என்று காட்டும். பிடியை நேரில் பார்க்க நமக்கிருக்கும் ஒரே வழி அதுதான் என்பதால் எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. ஆனால் அது காட்டுவது குண்டு உள்ளே போகும் விசை. வெளியே வரும்போது உள்ளிருந்து வாயு கழுத்தையே விரித்துவிடுகிறது. இரண்டும் ஒன்றல்ல. தோட்டாக்களை இனம் பிரிக்க உதவும், அதற்குமேல் அதனிடம் ஜோசியம் கேட்கக் கூடாது.

ஐம்பது தோட்டா நிரப்பினேன். அதில் இரண்டில் மட்டும் குண்டு கை உணராமலே இறங்கியது, ஒன்றில் முட்டிக்கொண்டு இறங்கியது. என்ன செய்ய?

முதலில் அந்த இரண்டில் குண்டின் மூக்கை மேசை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் லேசாக அமுக்குங்கள். நகர்ந்தால் சுடக் கூடாது, புல்லரில் பிடுங்கி மருந்தையும் எடுத்துவிடுங்கள். கழுத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். இருந்தால் பழைய பித்தளை டப்பாவுக்குப் போகட்டும். நகரவில்லை என்றால் அந்த மூன்றின் அடியிலும் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டுத் தனியாக வையுங்கள். போட்டியில் மதிப்பெண்ணுக்கு முன் சுடும் சோதனைக் குண்டுகளுக்கு அவை ஆகும். என் பெட்டியின் கடைசி வரிசை எப்போதும் கறுப்புக் கோடு போட்டவைதான்.